நாய்க்கு வாங்கிய ஏர் ப்யூரிஃபையர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

"பிள்ளைக்கு ஆஸ்துமாவா சார்?" என்று கேட்டான் மார்த்தாண்டத்தில் அந்தக் கடைப் பையன். "இல்லப்பா, நாய்க்கு" என்றேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூட வந்த மகளிடம் ஏதோ முணுமுணுத்தார். 12,400 ரூபாய். நாய்க்கு. சரி, முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

பிராண்டு பெயரைப் போடப் போவதில்லை. அந்த விலையில் கிடைக்கிற மிஷின்கள் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே சரக்குதான்: ஒரு ஃபேன், ஒரு ஃபில்டர், ஒரு சென்சார், சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக். நான் சொல்லப் போவது எதற்கும் பொருந்தும். ஆனால் மிஷினைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் ஆகும், ஏனென்றால் இதை நுரையீரலுக்காக வாங்கப் போனேன், கடைசியில் இது இதயத்துக்கான சாமான் என்று புரிந்துகொண்டேன்.

ஜூலிக்கு 11 வயது. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் பாதி பொமரேனியன், பாதி குலசேகரம் சந்தை. இரண்டு வருஷமாகவே காலையில் எழுந்ததும் வாத்து கத்துகிற மாதிரி ஒரு இருமல், கடைசியில் எதையோ காறித் துப்பப் போவதுபோல் கழுத்தை நீட்டும், ஒன்றும் வராது. தொண்டையில் மீன்முள் மாட்டியிருக்கும் என்று அம்மா சோற்றை உருண்டை பிடித்துப் போடுவார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. போன அக்டோபரில் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே பால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டு ஓடியவள், பாதி வழியில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். பத்து நொடி இருக்கும். எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டினாள். நாக்கு மட்டும் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். "மூச்சு இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது மெதுவாகும், கேக்குதா?" கேட்டது. தாளம் தப்பித் தப்பி வருகிற மாதிரி இருந்தது, நான் பயந்துபோனேன். அதில் பயப்பட ஒன்றுமில்லை, நுரையீரல் நோயுள்ள நாய்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் நன்றாகவே கேட்கும், இதயம் செயலிழக்கத் தொடங்கினால்தான் இந்த வித்தியாசம் மறைந்து ஒரே வேகத்தில் ஓடும், அதனால் இப்போதைக்கு இது நல்ல செய்தி என்றார். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய் ஒரு இடத்தில் நசுங்கித் தெரிந்தது (சின்ன வகை நாய்களுக்கு வருவதுதான்), நுரையீரலில் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. இதயத்தின் வலது பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது. கொசுவால் வரும் இதயப்புழு இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. எக்கோ எடுக்கத் திருநெல்வேலி போய் வந்தோம். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள்.

இருமல் நுரையீரலில், உப்பியது இதயமா என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். இதயத்தின் வலது பக்கத்துக்கு ஒரே ஒரு வேலை, ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புவது. அது பலசாலி இல்லை, அதற்குத் தேவையும் இல்லை, நல்ல நுரையீரல் எதிர்ப்பே காட்டாது. ஆனால் நுரையீரலில் எந்தப் பகுதிக்குக் காற்று சரியாகப் போகவில்லையோ அந்தப் பகுதியின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். காற்றில்லாத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்க வேண்டாமே என்கிற ஏற்பாடு. ஒரு மூலையில் நடந்தால் புத்திசாலித்தனம். நுரையீரல் முழுக்க வீங்கிக் கிடந்தால் எல்லா மூலையும் சுருங்கும். தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓஸை யாராவது மிதித்து நின்றால் மோட்டார் என்ன பாடுபடும், அதுதான். வருஷக்கணக்கில் மிதித்தால் வலது பக்கம் முதலில் தடிக்கும், அப்புறம் விரியும், அப்புறம் தோற்கும். மயங்கி விழுந்தது அதன் முன்னோட்டம்.

நடுவில் ஒரு சின்னக் கூத்து. அழுத்தத்தைக் குறைக்க அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை சில்டெனாஃபில். மருந்துச் சீட்டில் "ஜூலி, பெண், வயது 11" என்று இருந்தது. எங்கள் ஊர் மெடிக்கலில் அந்த அண்ணன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். கூட்டமான நேரம் வேறு. "நாய் அண்ணே, நாய்" என்று நான் சொன்ன சத்தத்தில் தெருவே திரும்பியது. வயாகரா என்று பெயர் வாங்கிய மருந்து நுரையீரல் ரத்தக்குழாய்களையும் தளர்த்தும், மனிதருக்கும் நாய்க்கும் அதற்காகவே கொடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு எடையைப் பார்த்துத்தான், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தோடு அவர் சொன்ன இன்னொன்று: "முதல்ல புகையை நிறுத்துங்க." நான் என்ன செய்தேன்? எதையும் நிறுத்தாமல், நேரே மார்த்தாண்டத்துக்குப் போய் மிஷின் வாங்கினேன். நம் ஆட்களின் குணம் அது, பழக்கத்தை மாற்றுவதைவிட ஒரு சாமான் வாங்குவது சுலபம்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல், இந்தக் காற்றுக்கு என்ன குறை என்று நானும் எல்லோரையும்போலப் பேசியவன்தான். ஆனால் ஊர்க்காற்று வேறு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு வாழ்கிற ஒரு கிழ நாய் இழுக்கிற காற்று வேறு. முன்பக்கம் ரோடு, ராப்பகலாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள். பின்பக்கம் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அண்ணன் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற புகைப்புரை. வீட்டுக்குள்ளே அம்மாவின் விறகடுப்பு, சாயங்காலம் சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்தி. இத்தனையையும் வைத்துக்கொண்டு கடல்காற்று என்று பெருமை.

மிஷின் வந்த முதல் வாரம் அதிலிருந்த சென்சார் எனக்குப் பாடம் எடுத்தது. பி.எம். 2.5 எவ்வளவு என்று எண்ணில் காட்டுகிற மாடல் அது. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்காரும். நம் நாட்டு வரம்பு ஒரு நாள் சராசரிக்கு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. ஜூலியை வெளியே கட்டிவிட்டு அறையைச் சாத்தி ஒரு கொசுவர்த்தியைப் பற்றவைத்துப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் 400-ஐத் தாண்டியது. சாம்பிராணிக்கு 999, அதற்கு மேல் காட்ட அதனிடம் இலக்கம் இல்லை. ஒரு சுருள் கொசுவர்த்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை விடுகிற அளவு நுண்தூசியை விடும் என்று 2003-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில் உண்டு. படித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன், அந்த எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நினைக்கவில்லை. ஜூலி பத்து வருஷம் படுத்தது என் கட்டிலுக்கு அடியில். கொசுவர்த்தித் தட்டை வைப்பதும் கட்டிலுக்கு அடியில்.

தங்கை மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவளிடம் போனில் புலம்பினேன். "மாமா, சும்மா புலம்பாதீங்க, நான் அனுப்புறதைப் படிங்க" என்று சில கட்டுரைகளை அனுப்பினாள், புரியாத இடங்களை அவளே பொறுமையாகச் சொன்னாள். அதில் ஒன்று 1998-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் எலிகளில் செய்தது. ஒரு கூட்டம் எலிகளுக்கு முன்னாலேயே நுரையீரல் ரத்த அழுத்தத்தை வரவைத்தார்கள். எதைக் கொண்டு என்று கேளுங்கள்: மோனோகுரோட்டலின், கிலுகிலுப்பைச் செடி இனத்திலிருந்து வருகிற நஞ்சு. நம் ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து, காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வருமே, அந்த இனம்தான். சின்ன வயதில் அதை ஆட்டி விளையாடியிருக்கிறேன். பிறகு, எண்ணெய் எரிக்கும் மின்நிலையத்தின் சாம்பலை எலிகளின் மூச்சுக்குழாயில் செலுத்தினார்கள். வனேடியம், நிக்கல், இரும்பு எல்லாம் கலந்த சாம்பல். நல்ல எலிகளுக்கும் இதயத்துடிப்பில் தாளம் தவறியது. நுரையீரல் கெட்ட எலிகளுக்கு அது மிக மோசமாகி, சில செத்தே போயின. அதே தூசிதான், வாங்கிக்கொள்கிற உடம்புதான் வேறு.

உடனே, நேரடியாகக் குழாயில் ஊற்றினால் யாருக்குத்தான் ஆகாது என்று நானும் கேட்டேன். கேள்வி நியாயம்தான் என்றாள் அவளும், காற்றில் கலந்து இழுப்பதைவிட அது பெரிய அளவு. அதற்குப் பதிலாகத்தான் இரண்டாவது கட்டுரை. ஹார்வர்டில், பாஸ்டன் நகரத் தெருக் காற்றிலிருந்தே தூசியைச் செறிவாக்கி நாய்களை மூச்சிழுக்க வைத்தார்கள். அந்த நாய்களுக்கு இதயத் தமனியைச் சில நிமிஷம் மட்டும் அடைத்துத் திறந்து ஈசிஜி பார்த்தார்கள். வடிகட்டிய காற்றை இழுத்த நாளைவிடத் தூசிக்காற்றை இழுத்த நாளில் இதயத் தசை ரத்தமில்லாமல் திணறுவதன் அடையாளம் ஈசிஜியில் அதிகமாகத் தெரிந்தது. 2003-ல் வந்தது. அது இதயத் தமனி பற்றியது, ஜூலியின் நோய் அல்ல. இருந்தாலும் காற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே மணிக்கணக்கில்கூட விளையாட்டு நடக்கும் என்று காட்டுகிறது. வருஷக்கணக்கு வேண்டாம்.

எனக்கு மனதில் தங்கியது மூன்றாவது. மெக்சிகோ நகரம். யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் புகை காட்டவில்லை, அந்த ஊரில் பிறந்து அந்த ஊர்க் காற்றையே இழுத்து வளர்ந்த நாய்களின் இதயங்களை எடுத்து, புகை குறைந்த ஊர்களின் நாய்களோடு ஒப்பிட்டார்கள். 2001-ல் வெளியிட்டார்கள். நகர நாய்களின் இதயத் தசையில் அழற்சியும் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் அடையாளமும் இருந்தன. பெரும்பாலும் வெளியில் ஆரோக்கியமாகத் தெரிந்த நாய்கள். ஜூலியும் போன அக்டோபர் வரை பால்காரர் சைக்கிளுக்கு ஓடியவள்தான்.

எப்படி நடக்கிறது என்று தங்கை மகள் இரண்டு வழி சொன்னாள். நுரையீரலில் தூசி உட்கார்ந்ததும் வருகிற அழற்சி அங்கேயே நிற்காது, அதன் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் இறங்கி ரத்தக்குழாய்ச் சுவர்களைச் சீண்டும். இன்னொன்று நரம்பு வழி. மூச்சுக்குழாயில் எரிச்சல் என்றதும் நரம்புக்குச் செய்தி போகும், இதயத்தை வேகப்படுத்துகிற நரம்புக்கும் நிதானப்படுத்துகிற நரம்புக்கும் இடையிலான சமநிலை தடுமாறும். நல்ல நாய் சமாளித்துவிடும். ஏற்கெனவே நெரிந்த ஓஸோடு போராடும் வலது பக்கத்துக்கு அதற்கு மேல் தாங்க இடமில்லை.

சரி, மிஷினுக்கு வருகிறேன்.

பெட்டியில் "400 சதுர அடி வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்கிற எண், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பது. என் அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, உயரம் பத்து அடி, மொத்தம் ஏறக்குறைய 41 கன மீட்டர். நோயுள்ள உயிர் இருக்கிற அறையில் மணிக்கு ஐந்து தடவையாவது காற்று முழுக்க வடிகட்டப்பட வேண்டும் என்று கணக்கு வைத்தால் 205 வேண்டும். என் மிஷின் 250. அதாவது 144 சதுர அடி அறைக்குத்தான் சரியாக இருக்கிறது, ஹாலுக்கு எல்லாம் ஆகாது. அதிலும் அந்த 250 என்பது முழு வேகத்தில். ஸ்லீப் மோடில் எவ்வளவு என்று பெட்டியில் போடமாட்டார்கள். ராத்திரி சத்தமில்லாமல் இருக்கிறதே என்று முதல் பத்து நாள் ஸ்லீப் மோடில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், புகை வந்த நாளில் எண் 90-ஐவிட்டு இறங்கவே இல்லை. இப்போது மூன்றாவது வேகம். பழைய டேபிள் ஃபேன் சத்தம் வரும், பழகிவிட்டது.

உள்ளே ஹெப்பா ஃபில்டர், எச்13 தரம் என்று போட்டிருக்கிறார்கள், 100-க்கு 99.95 பங்கு நுண்தூசியைப் பிடிக்க வேண்டிய தரம். தூசியை அது பிடிக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது பழைய வெல்லத்தின் நிறத்துக்கு வந்து, மடிப்புகளுக்குள் விரலை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது, மோந்தால் புகைப்புரையின் அதே வாசனை. இத்தனையும் யாருடைய நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது என்று யோசித்தபோது எனக்கே இருமல் வந்தது. ஆனால் வாயுவை அது பிடிக்காது. கரி ஃபில்டர் என்று பெயருக்கு ஒரு கறுப்புப் பஞ்சு இருக்கிறது, வாசனையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். விறகுப் புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடு இரண்டையும் தாண்டிப் போய்விடும். எண் 15 காட்டுகிறதே என்று அடுப்புப் புகை சூழ்ந்த அறையில் சாத்திக்கொண்டு உட்காரக் கூடாது.

அயனைசர் என்று ஒரு பட்டன். "எக்ஸ்ட்ரா பாதுகாப்பு சார்" என்றான் பையன். அணைத்து வையுங்கள். அந்த வகைக் கருவிகள் ஓசோன் விடக்கூடும், ஓசோன் நுரையீரலுக்கே எரிச்சல், நோயுள்ள நாய்க்குக் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய சமாச்சாரம் அல்ல.

சென்சார் பாடம் எடுத்தது என்றேன் அல்லவா, அதை நம்பியது ஜூன் வரைதான். இடவப்பாதி மழை பிடித்ததும் அது பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. அது ஒளியைப் பாய்ச்சி, தூசியில் பட்டுச் சிதறுவதை அளக்கிறது. ஈரக்காற்றில் தூசி நீரைக் குடித்து ஊதிவிடும், நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணும். காலையில் புட்டுக்குடத்திலிருந்து ஆவி வந்தாலே சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஃபேன் அலறும், ஜூலி எழுந்து அதைப் பார்த்துக் குரைப்பாள். ஆட்டோ மோடை விட்டுவிட்டுக் கையால் வேகம் வைப்பதுதான் நம் ஊர் மழைக்குச் சரி.

நாய் வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது முன்ஃபில்டர். பொமரேனியன் முடி ஒரே வாரத்தில் அதைக் கம்பளி ஆக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுவி, நிழலில் காயவைத்துப் போடுகிறேன், ஒரு வாரம் விட்டாலும் காற்று பாதியாகிவிடுகிறது. கரண்ட் பயந்த அளவு இல்லை. 45 வாட், ஒரு நாளைக்கு 16 மணி நேரம், மாதம் 22 யூனிட் சுமார்.

இப்போது என் வயிற்றெரிச்சல். மாற்று ஃபில்டர் 2,600 ரூபாய். கம்பெனியில் ஆர்டர் போட்டால் 19 நாள் ஆனது, கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு தேதி. பொறுக்காமல் ஆன்லைனில் "இதே மாடலுக்கு" என்று 1,100-க்கு வேறொருவர் விற்றதை வாங்கிப் போட்டேன். போட்டபோதே லொடலொடவென்று இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கழற்றினால் ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஓரத்தில் மட்டும் பென்சிலால் வரைந்த மாதிரி கறுப்புக் கோடு. காற்று முழுவதும் ஃபில்டருக்குள் போகாமல் ஓர இடுக்கு வழியாகப் போயிருக்கிறது. ஒரு வாரம் நாங்கள் ஓட்டியது வெறும் ஃபேன். காசு திரும்பி வந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

ஜூலிக்கு என்ன ஆயிற்று என்பதுதானே கேள்வி. மருத்துவர் ஒரு வேலை கொடுத்திருந்தார்: நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுத வேண்டும், 30-க்குள் இருந்தால் சரி. பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே எழுதினோம். அக்டோபர் கடைசியில் 38, 41, 39. டிசம்பர் நடுவில் 28, 26. மிஷினால்தான் என்று எழுதினால் இந்த விமர்சனம் அழகாக முடியும், ஆனால் மாத்திரையும் அதே வாரத்தில்தான் தொடங்கியது, கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டியதும் அதே மாதம்தான். ஒன்று மட்டும் சொல்ல முடியும். கிறிஸ்துமஸ் ராத்திரி எங்கள் தெருவில் வெடி வெடித்துத் தீர்ப்பார்கள். அன்று அவளை அறையில் வைத்துச் சாத்தி மிஷினை முழு வேகத்தில் வைத்தோம், மறுநாள் 27. புத்தாண்டு ராத்திரி சர்ச்சுக்குப் போன அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, திரும்பி வந்தால் அவள் வெடிப்புகைக்கு நடுவில் முற்றத்தில் நிற்கிறாள். மறுநாள் 44, இரண்டு நாள் சோறு தொடவில்லை, மருத்துவருக்கு போன் மேல் போன்.

மிஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஃபில்டர் விலைக்கும் அந்த 19 நாளுக்கும் ஒன்று கழித்தேன், பெட்டியில் எழுதிய சதுர அடிப் பொய்க்கு அரை. வாங்கலாமா என்றால், ஒற்றை அறையில் அதிக நேரம் இருக்கிற, நெஞ்சு கெட்ட கிழ நாயோ பூனையோ இருந்தால் வாங்கலாம். பக் மாதிரி மூக்கு நசுங்கிய நாய் வைத்திருக்கிறவர்களும் யோசிக்கலாம். முற்றத்திலும் தோட்டத்திலும் திரிகிற நாய்க்கு வாங்குவது ஆற்றில் போட்ட பெருங்காயம்தான். இருமல் என்றதும் மிஷின் வாங்க ஓடுவதற்கு முன்னால் எக்ஸ்ரேக்கு ஓடுங்கள், நான் இரண்டு வருஷம் தாமதித்தவன். கொசுவலை 650 ரூபாய். எங்கள் வீட்டில் காசுக்கு அதிகப் பலன் தந்த சாமான் அது, அதற்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை.

அம்மாவை விறகடுப்பிலிருந்து நகர்த்த முடியவில்லை. அடுப்பைப் பின்சாய்ப்புக்கு மாற்றியதோடு சமாதானம் ஆகிவிட்டோம். சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும், ஜூலி அறையில் அடைபட்ட பிறகு.

மிச்சம் இருந்தது புகைப்புரை. அது அண்ணனின் சோறு, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வருமா? ஷீட்டை நாலைந்து நாள் புகையில் தொங்கவிட்டால்தான் பூஞ்சை பிடிக்காது, விலை கிடைக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை ரப்பர் பால் நன்றாக இறங்குகிற காலம், விடிகாலையில் காற்று அசையாமல் புகை மதில் உயரத்திலேயே படுத்துக் கிடக்கிற காலமும் அதுதான். மாசியில் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும்போதுதான் எங்கள் பக்கம் மூச்சு விடும். ஒரு சாயங்காலம் மதிலோரம் நின்று விஷயத்தைச் சொன்னேன், எக்ஸ்ரேயையும் காட்டினேன். அவர் அதை வானத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பட்டிக்கும் மனுசனுக்கும் நெஞ்சு ஒண்ணுதான் போல" என்றார் (எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய்). அப்புறம், "பச்சை விறகு போட்டாத்தான் இந்தப் புகை மக்கா, காஞ்சதா போடுறேன். தீ போடுற அன்னிக்கு முன்கூட்டியே ஒரு சத்தம் குடுக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் வாக்குத் தவறவில்லை. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "எடே, நாளைக்கு விடியக்காலம் தீ போடுறேன், பட்டியை உள்ள கேத்து." ஜன்னலைச் சாத்தி, கதவடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்து, மிஷினை மூன்றாவது வேகத்தில் போட்டேன். ஜூலி மிஷினுக்கு எதிரில் கால் நீட்டிப் படுத்தாள். எண்ணினேன், 25.